ஒரு வாரம் தள்ளிப்போன காப்பு

முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு வழிகள் ஏராளம் என்று கருத்தரங்குகளில் சொல்வார்கள். திரையில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார்கள். கல்லூரி ஒரு அம்பு, ஆராய்ச்சி நிலையம் ஒரு அம்பு, வெளிநாடு ஒரு அம்பு. நான் எல்லா அம்புகளின் பின்னாலும் போய்ப் பார்த்தவன். கடைசியில் வந்து சேர்ந்த இடம் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல். விடுதிகளில் தங்குகிறவர்களைக் காலையில் காட்டோரமாக நடத்திக்கொண்டுபோய், இது இன்ன மரம், இது இன்ன பறவை என்று காட்டுவது என் வேலை. மரத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்பதில்லை. போதைக் காளான் எங்கே முளைக்கும் என்பதுதான் அவர்களுடைய ஒரே தாவரவியல் சந்தேகம்.

நான் ஆராய்ந்தது மேல்மலைப் புல்வெளிகளை. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரங்களும் சீகை மரங்களும் புல்வெளியை எப்படித் தின்றுகொண்டே வருகின்றன, எஞ்சியிருப்பதில் என்னென்ன புல் பிழைத்திருக்கிறது என்பதெல்லாம் என் ஆய்வு. சொந்த ஊர் கிளாவரைப் பக்கம். வீட்டில் பூண்டு விவசாயம். வீட்டுக்குப் பின்னால் ஏறினால் என் ஆய்வுக்களம் வந்துவிடும். இவ்வளவு வசதியாக யாருக்கும் ஆய்வு அமையாது என்று பேராசிரியர் சொல்வார். அமைந்த வசதி அது ஒன்றுதான்.

பட்டம் வாங்கியதும் கீழே ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆனேன். பெயரில் கௌரவம் இருந்தது. ஒவ்வொரு கோடைக்கும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கல்லூரி திறந்ததும் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்வார்கள், போன வருடம் பாடம் நடத்தியவன் யாரோ ஒருவன் என்பதுபோல. வெளிநாட்டு ஆய்வுக்கு முயன்றபோது, பரிந்துரைக் கடிதத்தை நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார் பேராசிரியர். எழுதிக் கொடுத்தேன். கடைசித் தேதி போனது, கையெழுத்து வரவில்லை. கள உதவியாளர் வேலைக்காவது எடுத்துக்கொள்வார்கள் என்று பல திட்டங்களுக்கு விண்ணப்பித்தேன். தகுதி அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். சாதாரணப் பட்டதாரி போதுமாம். முனைவர் என்றால் சொன்னதைக் கேட்க மாட்டார்களாம். மேலே போனால் அனுபவம் போதாது, கீழே வந்தால் படிப்பு கூடிப்போச்சு. அப்பாவிடம் இதை விளக்கிச் சொன்னபோது, படிச்சது குத்தமாய்யா என்று கேட்டார்.

ஆனால் அந்தப் படிப்பில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஊர்த் திருவிழாவுக்கு வைக்கும் பிளக்ஸ் பேனரில் என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டிருக்கிறதா என்று அச்சகத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு வருடம் எழுத்து சிறியதாகிவிட்டது என்று பேனரையே திருப்பி அனுப்பினார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த விளம்பரம் வந்தது. மலையிலேயே இருக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையத்துக்கு அறிவியலாளர் வேண்டும், ஒரே ஒரு இடம், பொருள் மலைப் புல்வெளி. படித்த அன்றே விண்ணப்பித்தேன். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. வயது வரம்பில் விளிம்பில் நின்றேன். இதை விட்டால் அடுத்தது கிடையாது என்பது எனக்கும் தெரியும், வீட்டுக்கும் தெரியும்.

நேர்காணல் தேதி ஊர்த் திருவிழா வாரத்தில் விழுந்தது. எங்கள் ஊரில் காப்பு கட்டுவதற்குள் வெளியூரில் வேலை பார்ப்பவனும் வந்துவிட வேண்டும். கட்டிவிட்டால் அந்த வாரம் முழுக்க ஊர்க்காரன் எவனும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. தங்கினவன் காப்பு அவிழ்க்கும்வரை ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. அந்த நாட்களில் மண்ணில் இரும்பு படவும் கூடாது. களை வெட்டு, அறுவடை எல்லாம் நின்றுவிடும். நேர்காணல் நடக்கும் நகரத்துக்கோ இரவு பஸ்ஸில் போனால்தான் உண்டு.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத அப்பா, ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றார். காப்பை ஒரு வாரம் தள்ளிக் கட்ட முடியுமா என்று கேட்டார். சாமியை ஒத்திப்போடுவதா என்று கூட்டத்தில் இரைச்சல். அப்பா உட்காரவில்லை.

"எம் மகனுக்காகக் கேக்கல. நம்ம ஊர்க்காரன் ஒருத்தன் ஆபீசரா ஒக்காரணும்னு கேக்குறேன்" என்றாராம்.

ஊர்த்தலைவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு வாரம் சாமி பொறுத்துக்கிடும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு நடந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மேளக்காரர்களுக்கு அந்தத் தேதியில் வேறு ஊர் இருந்தது. வேறு ஆள் தேடினார்கள். பண்ணைக்காட்டிலும் பழனியிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் மறுபடி போன் போட்டுச் சொன்னார்கள். திருவிழாவுக்குப் பிறகு பறிக்க வேண்டிய பூண்டும் ஒரு வாரம் கூடுதலாக மண்ணில் கிடந்தது. எனக்காக ஒரு ஊரே நகர்ந்து உட்கார்ந்தது.

பிறகு மின்னஞ்சல் வந்தது. நிர்வாகக் காரணங்களால் நேர்காணல் ஒரு வாரம் ஒத்திவைக்கப்படுகிறது. புதிய தேதி, காப்பு கட்டிய மூன்றாம் நாள். சாமியும் அதிகாரிகளும் பேசிவைத்துக்கொண்டு தள்ளிப்போனதுபோல இருந்தது. நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"ரெண்டாவது தடவ ஊரு முன்னால போயி நிக்க முடியாது. நீ கெளம்பு. ஊரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுறேன்" என்றார்.

போனேன். அங்கே காத்திருந்தவர்களில் என் வயதுக்காரர் ஒருவர் மட்டும் கைப்பேசியில் ஏதோ பார்த்தபடி நிம்மதியாக இருந்தார். மற்ற எல்லோரும் சான்றிதழ்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தோம். எதைப் பற்றி ஆய்வு செய்தார் என்று கேட்டேன். அலையாத்திக் காடுகள் என்றார். கடலோரத்துச் சேற்றில் வளரும் மரங்கள். மலை உச்சியில் புல் ஆராயும் வேலைக்கு அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று பாவமாகத்தான் இருந்தது எனக்கு. கொஞ்ச நேரத்தில் அலுவலக உதவியாளர் ஒருவர் வந்து அவரிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"சார், மலையில குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கச் சொல்லியாச்சு. எப்பக் குடி வர்றீங்கன்னு கேக்குறாங்க."

அறையில் ஒருவரும் நிமிரவில்லை. நேர்காணல் அதன் பிறகுதான் தொடங்கியது. எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. என் முறை வந்ததும் உள்ளே போய், எஞ்சிய புல்வெளியைக் காப்பாற்றுவது எப்படி என்று முழு மூச்சாக விளக்கினேன். தேர்வுக் குழுத் தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சீசனில் கொடைக்கானலில் நல்ல அறை கிடைப்பது கஷ்டமா என்றார்.

ஊருக்குள் போக முடியாததால் திரும்பி வந்து வட்டக்கானலிலேயே இருந்தேன். அந்த வாரக் கடைசியில் மழை பிடித்தது. விடுதிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். பனிமூட்டம் வந்தால் கூட்டம் வரும். எனக்கு மண்ணுக்குள் கிடக்கும் பூண்டுதான் கண்ணுக்குள் நின்றது. காப்பு அவிழ்த்த பிறகு வீட்டுக்குப் போனபோது ஊர் முழுக்க அழுகல் நாற்றம். மண்வெட்டியைத் தொட முடியாமல் எல்லோரும் மழையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். பழைய தேதிப்படி திருவிழா முடிந்து போன வாரமே பறித்திருந்தால் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கியிருக்கும்.

வேலை கிடைக்கவில்லை என்றதும் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாமியை ஒத்திப்போட்டது ஒரு குற்றம், காப்புக்குள் எல்லை தாண்டியது இன்னொரு குற்றம். இனி எவனுக்காகவும் தேதியை மாற்றுவதில்லை என்று கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. வெள்ளையடித்த கதையைக் கூட்டத்தில் போட்டு உடைக்கிறேன் என்று கிளம்பினேன். அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் அழுகிய பூண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அத ஊருக்குச் சொல்லாத. ஒண்ணுமில்லாததுக்குச் சாமியத் தள்ளிவெச்சோம்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாங்க. சாமி குத்தமாவே இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துவிட்டுப் போகிறது.

அடுத்த வருடம் அந்த நிலையத்து அதிகாரி ஜீப்பில் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தார். ஊரின் மண்பாதைக்குத் தார் போட வனத்துறை ஒப்புதல் வேண்டியிருந்தது. இவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும் என்று ஊர் நம்பியது. திருவிழாவில் அவருக்கு முதல் மரியாதை என்று முடிவானது. சொன்ன தேதியில் அவர் விடுப்பில் இருப்பதாகத் தெரிந்ததும், காப்பை ஒரு வாரம் தள்ளிக் கட்டினார்கள். இம்முறை இரைச்சல் இல்லை. போன வருடச் சூடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லையாம்.

ஊர் எல்லையில் பேனர் வைத்திருந்தார்கள். நடுவில் அவர் படம். ஓரத்தில் இருந்த விழாக் குழுவில் என் பெயர் முனைவர் இல்லாமல் மொட்டையாக இருந்தது. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் அவருக்குப் பரிவட்டம் கட்டினார்கள். கையில் காப்போடு நான் எதிரிலேயே நின்றேன். நேர்காணலன்று ஒரே அறையில் பக்கத்தில் உட்கார்ந்து அலையாத்திக் காடுகள் என்று சொன்னவர்தான். என் முகம் அவருக்கு நினைவில்லை. மரியாதை முடிந்ததும் அப்பா என் தோளைப் பிடித்து அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நிலையத்தில் கள உதவியாளர் எடுப்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"தம்பி என்ன படிச்சிருக்காரு?" என்று கேட்டார் அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

"பி.எஸ்சி. தாங்க. அதுக்கு மேல படிக்கல. ஆனா சொன்னதக் கேப்பான்."