நேராகிப்போன பல்

கல்யாண ஊர்வலத்தில் ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு எதிரி யார் தெரியுமா? எதிரில் ஆடுகிறவன்தான். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் நன்றாக ஊற்றிக்கொண்டு வந்து, நம் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, கையை வீசி டப்பாங்குத்து போடுவார்கள். நாம் பின்னால் நகர்ந்தால், "இன்னா அண்ணாத்தே, பயந்துகினியா?" என்று இன்னும் கிட்டே வருவார்கள். ஆமாம்டா, பயம்தான். ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் ஒரு கை பட்டால் போதும், உதட்டில் வைத்திருக்கிற பித்தளைக் குமிழ் நேராகப் பல்லில் வந்து இடிக்கும்.

எனக்கு இடித்தது. தொண்ணூறுகளின் நடுவில், காட்டுப்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ஆடிக்கொண்டிருந்தவனின் முழங்கை பட்டது. மண்டைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், வாயெல்லாம் உப்புக் கரித்தது. நாக்கால் தடவிப் பார்த்தேன். மேல்வரிசை முன்பல்லில் பாதியைக் காணோம். இடித்தவன் என் தோளில் கைபோட்டு, "ஊது நைனா, இன்னாத்துக்கு நிறுத்திக்கின?" என்றான். கையில் ட்ரம்பெட் இருந்ததால் அவன் பிழைத்தான்.

வலி பெரிதில்லை. பயம்தான் பெரிது. பூந்தமல்லியில் எங்கள் பேண்டு செட்டில் நான் முன்வரிசை. பாட்டை எடுத்துக் கொடுப்பது நான், மேல்ஸ்தாயியில் போய் நின்று தெருவையே திரும்பிப் பார்க்க வைப்பதும் நான். எனக்கு முன்னால் அந்த இடத்தில் ஊதிய ஒருவர், பல் கொட்டியதும் கடைசி வரிசைக்குப் போய்க் கிலுக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் போலவே சிவப்புக் கோட்டு, ஜரிகை வைத்த தொப்பி எல்லாம் அவருக்கும் உண்டு. யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். அவரும் யாரிடமும் எதுவும் குறைப்பட்டுக்கொண்டதில்லை, அதை நினைத்தால்தான் எனக்குக் கிலி பிடிக்கும். ஊர்வலத்தில் நான் தப்பித் தவறியும் கடைசி வரிசைப் பக்கம் திரும்புவதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் டாக்டரம்மா இருந்தார். சின்ன வயது, பொறுமைசாலி. நரம்பை எடுத்துவிட்டு, மிச்சப் பல்லை ராவி, அதன்மேல் உறை மாதிரி ஒரு கேப் போட்டுவிடலாம் என்றார். சரி என்று தலையாட்டினேன். அளவு எடுக்கிற நாளில்தான் தெரிந்தது என் வீரம். இளஞ்சிவப்பாக ஒரு பசையைக் குழைத்து, இரும்புத் தட்டில் அப்பி, அதை வாய்க்குள் வைத்து அழுத்தினார். பசை மெல்ல வழிந்து தொண்டைப் பக்கம் போனது. ஐயோ, செத்தேன் என்று நினைத்தேன். மூச்சைப் பிடித்து ஊதியே பிழைக்கிறவன், அங்கே மூச்சுக்குத் தவித்து நாற்காலியின் கையை உடைக்கப் பார்த்தேன். "மூக்கால மூச்சு விடுங்க, மூக்கால" என்று அவர் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது.

அந்த அச்சு பட்டணத்தில் இருக்கிற லேபுக்குப் போய், பல்லாகத் திரும்பி வர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதை ஒட்டிவிட்டுக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். என் பழைய பல் தெத்துப்பல். பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறிக்கொண்டு நிற்கும். வந்திருந்ததோ பளிச்சென்று, நேராக, வரிசையில் ஒழுங்காக நின்றது. வீட்டுக்கு வந்து பல்லைக் காட்டியதும், "இன்னாய்யா, சினிமாக்காரன் கணக்கா கீற!" என்று மனைவி வாயில் கைவைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் ட்ரம்பெட்டை எடுத்தேன். கீழே எல்லாம் வந்தது. மேலே ஏறினேன். 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. உதட்டை ஈரமாக்கிக்கொண்டு மறுபடி ஊதினேன், மறுபடியும் காற்றுதான். இத்தனை வருஷமாக என் உதடு அந்தக் கோணல் பல்லின் முனையில்தான் உட்கார்ந்து பழகியிருந்தது. அந்த முனை போய்விட்டதால் உதட்டுக்கு உட்கார இடமில்லை. ஊதுகிற எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வருவதற்கு முன்பே அவர் வாசலில் நின்றேன்.

"மேடம், இது என் பல்லு இல்ல."

"கொஞ்ச நாள்ல பழகிடும். லேப்ல வரிசையைப் பாத்து நேராவே செஞ்சி அனுப்பியிருக்காங்க. எவ்வளவு நல்லா இருக்கு!"

"அழகு வாணாம் மேடம். எனக்கு என் கோணப்பல்லு வேணும். சத்தம் வர்ல."

அவர் முகம் மாறியது. "வேற செய்யச் சொல்லலாம். ஆனா எந்த அளவுல செய்யச் சொல்றது? பழைய பல்லு சரியா எப்படி இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சிரிச்ச மாதிரி போட்டோ ஏதாவது இருக்கா?"

கல்யாண போட்டோ ஒன்றே ஒன்று இருந்தது. எந்த மாப்பிள்ளை போட்டோவில் பல்லைக் காட்டினான்? யாரோ அடித்து உட்கார வைத்தது போல உதட்டை இறுக்கிக்கொண்டு இருப்பேன். அவர் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பிரித்துக் காட்டினார். வாய்க்குள் சின்ன கேமரா விட்டுப் பல்லைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, மிஷினே பல்லைச் செதுக்குகிறதாம். பசை கிடையாது, லேபும் கிடையாது. அந்தப் படத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு தேசத்தில் என்னைப் போன்ற ஒருவனுடைய பல் பத்திரமாகக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது, என்னுடையது காட்டுப்பாக்கம் ரோட்டில் கிடக்கிறது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எங்கள் செட்டின் மாஸ்டருக்கு விஷயம் எட்டிவிட்டது. அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். "மாமே, வர்ற ஞாயித்திக்கெழம ஆவடில பெரிய எடத்துக் கல்யாணம். ஒளிக்காத சொல்லு. நீ ஊதுறியா, வேற ஆளப் பாக்கவா?" என்றார். அவர் கோபமாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தோளைத் தட்டிக் கேட்டார். ஊதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் பல்லை விளக்கில் பார்த்துவிட்டு, "ட்ரம்பெட்டை எடுத்துட்டு வாங்க" என்றார். நேரான பல்லைக் கோணல் ஆக்க முடியாது, ஆனால் உதடு உட்காருகிற இடத்தை மட்டும் ராவிப் பார்க்கலாம். மேலே இருப்பது பீங்கான், உள்ளே உலோகம். கொஞ்சம் அதிகமாக ராவினால் பீங்கான் தெறித்துவிடும், பிறகு எல்லாம் முதலிலிருந்து. ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு பல் வராது.

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ட்ரம்பெட்டைத் தூக்கினேன். ஊதினேன், காற்று. அவர் துளி ராவினார். ஊதினேன், காற்று. மறுபடி ராவினார். ஒவ்வொரு தடவை அந்த மிஷின் 'கிர்'ரென்று பல்லில் படும்போதும், போச்சு, இப்போது தெறிக்கப்போகிறது என்று கால் விரல்களை மடக்கிக்கொண்டேன். திரையை விலக்கிக்கொண்டு, கன்னம் வீங்கிய ஆள் ஒருவர் தலையை நீட்டினார். "இன்னா டாக்டர், இங்க பல்லு புடுங்கினா பேண்டு வாசிச்சி ஊட்டுக்கு அனுப்புறீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மாவுக்கும் வரவில்லை, அவர் நெற்றி முழுக்க வேர்த்திருந்தது.

பல்லின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் உலோகம் எட்டிப் பார்த்த நேரத்தில், உதடு எங்கேயோ போய்ச் சிக்கென்று உட்கார்ந்தது. ஊதினேன். மேல்ஸ்தாயி வந்தது! மாடிப்படி வரைக்கும் போய் மோதித் திரும்பி வந்தது. டாக்டரம்மா கருவியைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேல கைவைக்க எனக்கே பயமா இருக்கு. எழுந்து போயிடுங்க" என்றார்.

ஆவடியில் ஊதினேன். நன்றாகவே ஊதினேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு பயம் போய்விடும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன். அதற்குப் பிறகு முறுக்கு இல்லை, கரும்பு இல்லை, வறுத்த கடலை இல்லை. எவனாவது ஆடிக்கொண்டு கிட்டே வந்தால் பாட்டின் நடுவில் பக்கவாட்டில் நகர்ந்துவிடுவேன். கனவில்கூடப் பல் விழும். எழுந்ததும் முதல் வேலை, டாக்டரம்மா ராவிய பள்ளத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பது.

வருஷங்கள் போய்விட்டன. இப்போது செட்டுக்கு நானே மாஸ்டர், அறுபதைத் தாண்டியும் முன்வரிசையில்தான் நிற்கிறேன். ஆனால் ஒரு வருஷமாக மேல்ஸ்தாயி வழுக்க ஆரம்பித்திருந்தது. ஈறும் வீங்கியது. "கேப்பு பழசாப் பூட்ச்சி, ஆடுது. அத மாத்தினா செரியாப் பூடும்" என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். போன மாதம் மாற்றியே விடுவது என்று ஐயப்பன்தாங்கலில் ஒரு புது கிளினிக்குக்குக் கிளம்பினேன். பசையை நினைத்து வெறும் வயிற்றோடுதான் போனேன்.

பசையே வரவில்லை. அந்த இளம் டாக்டர் பேனா போல ஒன்றை வாய்க்குள் மெல்லச் சுற்றினார். எதிரே டி.வி.யில் என் வாய் முழுக்க வந்து நின்றது. முன்பல்லைப் பெரிதாக்கினார். டாக்டரம்மா ராவிய பள்ளம் அப்படியே தெரிந்தது. "சார், அந்தப் பள்ளம் அப்பிடியே வேணும். அழகு கிழகு பண்ணிப்புடாதீங்க!" என்று கத்தியேவிட்டேன்.

"ஒரு முடி அளவுகூட மாறாது. பழைய கேப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே காப்பி எடுத்தாச்சு. இப்ப தற்காலிகமா ஒண்ணு பிரிண்ட் போட்டு மாட்டறேன். நீங்க ஊதிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் நிரந்தரமானதைச் செய்யலாம்" என்றார்.

பிரிண்ட் என்றால் எனக்குத் தெரிந்தது கல்யாணப் பத்திரிகை அடிப்பதுதான். பக்கத்து அறையில் ஒரு மிஷின் என் பல்லை அடித்துக்கொண்டிருந்தது. நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பல் தயார். மாட்டியதும் நாக்கால் தடவினேன். அதே முனை, அதே பள்ளம். பழையது எது, புதியது எது என்று என் நாக்குக்கே தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்த ஒரு பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ட்ரம்பெட்டோடு மொட்டை மாடிக்கு ஏறினேன். கீழ்ஸ்தாயி, நடு எல்லாம் வந்தது. மேலே ஏறினேன். காற்று. உதட்டை ஈரமாக்கிக்கொண்டு, பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து ஊதினேன். உதடு அதன் இடத்தில்தான் இருந்தது, மூச்சுதான் பாதியிலேயே தீர்ந்துபோனது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, இன்னொரு தரம் ஊதினேன். அதே இடத்தில் மூச்சு நின்றது.

கீழேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "இன்னாய்யா, பல்லு செரியா அமையலியா? நாளிக்கே போயி ராவிக்கினு வந்துடு!"

ட்ரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பல்லு செரியாத்தான் கீது" என்றேன்.