பங்களாச் சீலை

எனக்கு மேடை என்றால் ஆகாது. கல்யாண வீட்டில் படம் பிடிக்கக் கூப்பிட்டால்கூட அடுப்படிப் பக்கம் போய்விடுவேன். என் மருமகளுக்கு இது தெரியும். தெரிந்தும் போன தீபாவளிக்கு முன்னால் என்னை அவள் விடவில்லை. அவள் சிரம்பானில் ஒரு சேவைச் சங்கத்தில் இருக்கிறாள். ரத்த தானம், கண் பரிசோதனை, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள். நல்ல பிள்ளைகள். இந்த முறை தெமியாங்கில் ஒரு மண்டபத்தில் அரிசியும் எண்ணெயும் கொடுக்கப் போகிறோம், வயதானவர் கையால் கொடுத்தால் நன்றாக இருக்கும், நீங்கள் வந்து நில்லுங்கள் என்றாள். முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரைக்கும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் லிங்கி ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஓடிவிட்டார். பால் வெட்டுவது நின்று, மரத்தை வெட்டிச் சாய்த்து மரவள்ளிக் கிழங்கு போட்டார்கள். என் அப்பாவை மற்ற ஆண்களோடு லோரியில் ஏற்றி, ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோனார்கள். போனவர் போனவர்தான். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் மிஞ்சினோம். அப்போது நான் பெரியவளாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அப்படிப்பட்ட காலத்தில்தான் எங்கள் தோட்டத்தில் ஒரு சங்கம் உண்டானது. ஆரம்பித்தவர் ஆபீஸ் குமாஸ்தா, கிராணி என்போம். அவர் துரைமார்களின் கிளப்புக்குக் கணக்கு எழுதப் போய்ப் பழகியவர். ஒரு காரியம் என்றால் மேசை வேண்டும், மேசை மேல் துணி வேண்டும், தட்டுவதற்கு ஒரு மணி வேண்டும் அவருக்கு. எவ்வளவு வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். ஜனங்கள் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சங்கம் இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேர் இருந்திருக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்து, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கால்வாயைச் சுத்தம் செய்வார்கள். வேலைக்காரர் பிள்ளைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகையில் கிழங்குக் கஞ்சி காய்ச்சி, ஆண்துணை இல்லாத வீட்டுக்கு ஊற்றுவார்கள். காய்ச்சலில் செத்தவர்களைத் தூக்க ஆள் இல்லாதபோது கிராணியே ஒரு பக்கம் தோள் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பசியை விடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. துணி. கடையில் துணி என்பதே இல்லாமல் போய்விட்டது. இருந்ததும் கிழிந்து, ஒட்டு மேல் ஒட்டுத் தைத்து, கடைசியில் தைக்கவும் இடம் இல்லை. எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது அம்மாவின் பச்சைச் சேலை ஒன்றுதான். அம்மா அதைக் கட்டிக்கொண்டு கிழங்கு வேலைக்குப் போவாள். நான் அரிசிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தி உள்ளே உட்கார்ந்திருப்பேன். அது முழங்காலுக்கு எட்டாது. உடம்பெல்லாம் அரிக்கும். அம்மா திரும்பி வந்து, இருட்டின பிறகு சேலையை நான் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போவேன். அந்த நேரம் அம்மா சாக்குக்குள் இருப்பாள். வேலைக்குப் போகிற ஆளுக்குத்தான் ரேஷன். நாங்கள் இரண்டு பேர், வருவது ஒரு ஆள் ரேஷன். இன்னொரு துணி மட்டும் இருந்தால் நானும் வேலைக்குப் போகலாம், வயிறும் பாதியாவது நிறையும். எங்களுக்கு வேறு ஆசையே இல்லை.

அப்போதுதான் துரை பங்களாவின் ஜன்னல் சீலைகளை இறக்கிக் கொடுக்கச் சங்கம் ஏற்பாடு செய்தது. ஜப்பான்கார அதிகாரியிடம் எத்தனை தடவை குனிந்து நின்று கிராணி அந்த அனுமதியை வாங்கினாரோ தெரியாது. வெள்ளையில் பெரிய பெரிய சிவப்புப் பூ போட்ட கனத்த துணி. உடுத்த ஒன்றும் இல்லாத பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பாகம். ஆனால் வாங்குகிறவள் தானே கூட்டத்துக்கு வந்து, தன் கையால் வாங்க வேண்டும். முன்னால் ஒருமுறை யாரோ இன்னொருத்தி பேரில் வாங்கிப் புகையிலைக்கு மாற்றிவிட்டார்களாம். அதனால் வந்த சட்டம். நல்லதுக்குத்தான் போட்டார்கள். உடுத்த ஒன்றும் இல்லாதவள் கூட்டத்துக்கு எப்படி வருவாள் என்று அந்த மேசையில் இருந்த ஆண்களுக்குத் தோன்றவில்லை.

நான் கிணற்றுக்குப் போயிருந்தபோது, பேர் எழுத வந்தவரிடம் கதவுக்குப் பின்னால் நின்று என் பேரைக் கொடுத்தவள் அம்மா. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையை அவிழ்த்து எனக்குக் கட்டிவிட்டாள். சின்ன உடம்பு, நீளம் தாங்கவில்லை. மிச்சத்தை எல்லாம் இடுப்பில் திணித்தாள். பிறகு சாக்கை மாட்டிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

"நான் இப்படி உட்கார்ந்திருக்கேன்னு அங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காத" என்றாள்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில். முதலில் எல்லாரும் எழுந்து கிழக்குப் பக்கம் பார்த்துக் குனிய வேண்டும், அது ஜப்பான்காரன் சட்டம். குனியும்போது இடுப்பில் திணித்தது நழுவிவிடுமோ என்று அதைப் பிடித்துக்கொண்டே குனிந்தேன். பிறகு கிராணி மணி தட்டி, சேவை என்றால் என்ன என்று கொஞ்ச நேரம் பேசினார். ஒவ்வொருத்தியாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாக்கோடு வந்தவள் இருந்தாள். ரப்பர் ஷீட்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குழந்தையை முன்னால் பிடித்து மறைத்துக்கொண்டு வந்தவள் இருந்தாள். ஒவ்வொரு தடவையும் கை தட்டினார்கள். என் பேர் வந்தது. நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். கிராணி துணியை எடுத்த கையோடு என்னைப் பார்த்தார்.

"உனக்குத்தான் சேலை இருக்கே, பாப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

பக்கத்தில் இருந்த, எங்களை வேலை வாங்குகிற மண்டோர் விடவில்லை. "கரை வச்ச சேலையா கட்டிக்கிட்டு வந்திருக்கு பாருங்கையா. இதுக்கு மேல ஒண்ணு வேணுமாம். பேசாம பங்களாவையே எழுதிக் குடுத்துடுவமா?"

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லாருக்கும் அது அம்மாவின் சேலை என்று தெரியும். அம்மா இப்போது எப்படி இருப்பாள் என்பதும் தெரியும். ஆனால் அதை எழுந்து சொன்னால், உன் வீட்டில் எப்படி என்று அடுத்த கேள்வி வரும். தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை மட்டும், "மண்டோரே, வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு லா" என்றாள். அவளும் அதற்கு மேல் சொல்லவில்லை.

இது என் அம்மாவுடையது என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் தோட்டத்தில் இருக்கிற அத்தனை ஆம்பிளையும் அந்த நிமிஷமே என் அம்மாவைச் சாக்கோடு மனசில் பார்ப்பான். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பொய்க்காரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை, எப்படியாவது அந்த இடத்திலிருந்து போனால் போதும் என்றுதான் இருந்தது.

கிராணி நியாயம் பார்க்கிறவர். ஒரு பெண்ணை வெறும் கையோடு அனுப்பவும் மனசில்லை, சட்டத்தை விடவும் மனசில்லை. சந்தேகம் என்றால் சங்கம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். அப்படியே எழுந்துவிட்டார். கிராணியும் மண்டோரும், துணியைக் கையில் போட்டுக்கொண்டு கிராணியின் சம்சாரமும் செம்மண் சாலையில் நடந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் நடந்தேன். ஓடிப்போய் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்றால் சேலை காலைத் தடுக்கிறது. பின்னால் கிராணி, கதவு ஜன்னல் எல்லாம் சுத்தமாக வைத்திருக்கிறார்களா என்று லயத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார்.

கதவு சாத்தியிருந்தது. நான் போய் அதற்கு முன்னால் நின்று, கதவு நிலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். வாழ்க்கையில் யாரையும் நான் மறித்தது அந்த ஒரு தடவைதான்.

"அம்மா உள்ள இருக்கு" என்றேன்.

"இருந்தா நல்லதாப் போச்சு. கூப்பிடு, ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போறோம்" என்றார் மண்டோர்.

"வர முடியாது."

"ஏன், காய்ச்சலா?"

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கிராணியம்மா ஆபீஸ் பக்கத்து வீட்டில் இருந்தவள், லயத்துக்குள் அதிகம் வந்ததில்லை. அவள் என்னைத் தோளிலிருந்து கால்வரை பார்த்தாள். என் இடுப்பில் மூட்டை மாதிரி திணித்திருந்த சேலையைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"என்னங்க, மண்டோரைக் கூட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போங்க" என்றாள்.

"விசாரிக்காமலா?" என்றார் மண்டோர்.

"விசாரிச்சாச்சு."

கிராணிக்கு அப்போதும் புரியவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்தவர், சம்சாரத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு அவர் சட்டென்று நின்றதைப் பார்த்தேன். அங்கேதான் புரிந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இருக்க, அவர் வேறு பக்கமாகக் கிழங்குக் காட்டுக்குள் வேகமாக நடந்து போனார். மண்டோர் பின்னால் ஓடினார்.

கிராணியம்மா கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "தங்கச்சி, நான் உள்ள வரல. பாக்கவும் மாட்டேன். வாங்கிக்க" என்று துணியைப் பின்பக்கமாக நீட்டினாள். கதவு கொஞ்சம் திறந்தது. அம்மாவின் கை வெளியே வந்தது. சாக்கு உரசி உரசி முழங்கைக்கு மேல் சிவந்து தடித்திருந்த கை. துணி கனம், அந்தச் சந்தில் நுழையவில்லை. பாதியில் சிக்கிக்கொண்டது. அம்மா உள்ளேயிருந்து இழுக்க, நான் வெளியேயிருந்து கையால் திணித்தேன். கிராணியம்மாவின் தோள் குலுங்கியது. அழுதாளா என்று தெரியாது, அவள் சொன்னபடி திரும்பவே இல்லை. அப்படியே நடந்து போய்விட்டாள்.

நான் உள்ளே போனபோது அம்மா துணியை மடியில் வைத்துக்கொண்டு சாக்கோடுதான் இருந்தாள்.

"யாரு யாரு பாத்தாங்க?" என்று கேட்டாள்.

"யாரும் பாக்கலம்மா."

"பாக்காம எப்படிக் குடுத்தாங்க?"

வாயைத் திறக்காதே என்றாள், திறக்கவில்லை. கதவை மறித்து நின்றேன், அதுவே சொல்லிவிட்டது.

அந்தத் துணியால்தான் நாங்கள் பிழைத்தோம். அதையும் சொல்ல வேண்டும். மறுநாளே பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு நானும் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நின்றேன், எங்கள் வீட்டுக்கு இரண்டு ஆள் ரேஷன் வந்தது. பங்களாச் சீலையை அம்மா எடுத்துக்கொண்டாள். உள்பக்கத்தை வெளியே வைத்துத்தான் உடுத்துவாள். ஆனாலும் அந்தச் சிவப்புப் பூ நனைந்தால் மறுபக்கம் தெரியும். ஒரு நாள் கிணற்றடியில் கிராணியம்மா அவளைப் பார்த்து, உங்களுக்கு நல்லா இருக்கு என்றாளாம். "துரையம்மா ஜன்னலுக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு கஞ்சி ஊற்றுகிற இடத்துக்கு அவள் போகவே இல்லை. என்னைத்தான் அனுப்புவாள். கிராணி அதற்கு மேல் யாருக்கும் துணியை மேசையில் வைத்துக் கொடுக்கவில்லை. ஆண்கள் வேலைக்குப் போன பிறகு அவருடைய சம்சாரம் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கொடுத்தாள். வழியில் என்னைக் கண்டால் அவர் தொப்பியைச் சரி செய்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொள்வார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

தெமியாங் மண்டபத்துக்குக் கடைசியில் போனேன். மருமகள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. பேனர் கட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். வரிசையில் ஒரு பெண் வந்தாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி நல்ல பஞ்சாபி உடுப்பு. எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், இந்த மாதிரி உடுத்துகிறவளுக்கு எதுக்கு அரிசி என்று மெல்லச் சொன்னார். அவளுக்கும் கேட்டிருக்கும். அந்த உடுப்பு அவளுக்குத் தோளில் பெரிதாக இருந்தது. அதன் கையை மடித்து ஊசி குத்தியிருந்தாள். யாருடையதோ.

நான் அரிசிப் பையை நீட்டினேன். அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்திருந்தேன். படம் பிடிக்கிற தம்பி, பாட்டி இங்க பாருங்க, அக்கா இங்க பாருங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

படம் வந்தபோது மருமகளுக்கு வருத்தம். இரண்டு பேருடைய தலை உச்சிதான் தெரிகிறது, ஒருத்தர் முகம்கூட இல்லை என்றாள்.