ஆறு மணி பூசையும் ஐம்பத்தைந்து இன்ச் டிவியும்

அம்மாவுக்காகத்தான் டிவி வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி பொய். அம்மாவைத் தினமும் மாடியிலிருந்து இறக்கி, கோயிலுக்குக் கூட்டிப்போய், மறுபடி ஏற்ற என்னால் முடியவில்லை. மனசும் இல்லை. அதனால் வாங்கினேன்.

மர்பி டவுனில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. படி செங்குத்தாக இருக்கும், ஒரு ஆள் அகலம்தான். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு அம்மா வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. டிவி கொண்டுவந்த ஆட்கள் இரண்டு பேரும் முதல் மாடியிலேயே பெட்டியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "லிஃப்ட் இல்வா சார்?" என்று கன்னடத்தில் கேட்டான். நான் லிஃப்ட் மெக்கானிக். இருபது மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. "இருந்தா உன்னை ஏன்யா தூக்கச் சொல்றேன்?" என்று கத்திவிட்டேன். அவன் மேல் தப்பில்லை. கேள்விதான் சுட்டது.

ஐம்பத்தைந்து இன்ச். அதற்கேற்ற சுவர் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, திருஇருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்த சுவர். படத்தை ஒரு முழம் மேலே ஏற்றினேன். அதற்கு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கோயிலின் நேரலைப் பூசையைப் போட்டுக் காட்டியதும் வாய் திறந்தாள். "ஃபாதர் கண்ணாடி மாத்திட்டாருடா." அதுவரை என் போனில் காட்டினால், "எறும்பு ஊருது, எடு" என்பாள். ஒரு கண்ணில் புரை. பெரிய திரையில் பீடத்து மெழுகுவர்த்தியைக்கூட எண்ணினாள்.

ரிமோட்டில் மைக் இருந்தது. அதை அமுக்கி, "பூசை போடு" என்பாள். எங்கள் ஆட்கள் திருப்பலியைப் பூசை என்றுதான் சொல்வோம். டிவிக்கு அது தெரியுமா? திருவிளக்கு பூஜை செய்வது எப்படி என்று ஒரு பெண் குத்துவிளக்குக்குப் பொட்டு வைக்க ஆரம்பிப்பாள். "அது இல்லடா மடையா, மாதா கோயில் பூசை" என்று அம்மா டிவியைத் திட்டுவாள். அது இன்னும் நாலு பூஜையைக் காட்டும். கடைசியில் தினமும் காலையில் நான்தான் எழுந்து போட்டுக் கொடுத்தேன்.

அப்பாவின் நினைவு நாள் வந்தது. எங்கள் கோயிலில் இறந்தவர்களின் பெயரைப் பூசை தொடங்கும்போதே வாசித்துவிடுவார்கள். குடும்பத்தில் ஒருவராவது அந்தப் பெயரைக் காதால் கேட்க வேண்டும். இது திருச்சபைச் சட்டம் இல்லை, அம்மாவின் சட்டம். அப்பா போனதிலிருந்து ஒரு வருஷம்கூட அவள் தவறவிட்டதில்லை. தமிழ்ப் பூசை காலை ஆறு மணிக்கு ஒன்றுதான். ஏழுக்குக் கன்னடம், சாயங்காலம் இங்கிலீஷ். கோயில் ஆபீசில் ஒரு மாதம் முன்பே பெயரைக் கொடுத்து வைத்தேன். "நீ போய் உக்காந்து கேளுடா" என்றாள். "இவ்வளவு பெரிய டிவி எதுக்கு வாங்கினேன்? நீயே கேளு" என்றேன்.

அன்று ஐந்தரைக்கே குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, முக்காடு போட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு டிவியைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. கீழே எழுத்து: அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம். இரண்டு சதவீதம்.

"அம்மா, எதை அமுக்கின?"

"நான் எதுவும் தொடலடா."

"தொடாம எப்படி வரும்? சும்மா இருக்கமாட்டியா நீ?"

அவள் தொடவில்லை. முந்தின நாள் கிரிக்கெட்டுக்கு நடுவில் ஏதோ ஒரு அறிவிப்பு திரையை மறைத்தது. படிக்காமல் ஓகே கொடுத்தது நான். கத்தும்போதே அது ஞாபகம் வந்தது. ஆனாலும் கத்தினேன்.

லிஃப்டில் வேலை செய்வதென்றால் எல்லா மாடியிலும் முதலில் போர்டு மாட்டுவோம். ஆட்கள் ஆபீசுக்கு ஓடும் நேரத்தில் நிறுத்தினால் எங்களை அடிக்க வருவார்கள். இந்தச் சனியன் யாரைக் கேட்டு நின்றது? ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினேன். பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. வைஃபை பெட்டியையும் அணைத்துப் போட்டேன். போனில் திறக்கப் பார்த்தேன், அதுவும் சுற்றியது. கோயில் மணி சத்தம் ஜன்னல் வழியாக வந்தது.

"மணி அடிச்சாச்சு" என்றாள் அம்மா.

"தெரியுது."

போனில் படம் வந்தபோது முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர்கள் முடிந்துவிட்டன. பின்னால் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. ஏதோ பாட்டுக்குக் காப்பிரைட் தகராறு வந்ததிலிருந்து, பின்னால் நகர்த்த முடியாதபடி வைத்திருந்தார்கள். முடிந்ததும் வீடியோவையே எடுத்துவிடுவார்கள்.

நான் முகத்துக்கு நேராகப் பேசுகிறவன். கடையிலும் சரி, மேனேஜரிடமும் சரி. அன்று முதல் தடவையாக அம்மாவிடம் சுத்தமாக ஒரு பொய் சொன்னேன். "ஃபாதர் லேட்டாம்மா. மணி மட்டும் அடிச்சிட்டாங்க. ஆறரைக்குத்தான் பூசை." கடிகாரம் அவள் கண்ணுக்குத் தெரியாது.

போன வருஷம் அவள் நடந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும்தான் கோயிலுக்குப் போனோம். குவைத்தில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப, அந்தப் பூசையின் ஆரம்பத்தைப் போனில் எடுத்திருந்தேன். அதைத் தேடி எடுத்தேன். அதே ஃபாதர், அதே பீடம், அதே பெயர். டிவிக்கு உயிர் வந்ததும் போனிலிருந்து அதில் ஏற்றினேன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஃபாதரின் பழைய கண்ணாடியை அவள் கவனித்துவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.

ஃபாதர் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதாக அப்பா. அந்த நொடியில் படம் பீடத்தைவிட்டு ஆடி நகர்ந்தது. அக்கா அம்மாவின் முகத்தைப் பார்க்கட்டும் என்று நான்தான் போனைத் திருப்பியிருந்தேன். மறந்தே போயிருந்தேன். சுவர் நிறைய அம்மா வந்து நின்றாள். கன்னத்து மச்சம், முக்காட்டின் சரிகை, கண்ணில் தண்ணீர், எல்லாம் துல்லியமாக.

நாற்காலியில் இருந்தவள் திரைப் பக்கம் கழுத்தை நீட்டினாள். பிறகு, "நிக்கிறேன் பாரு" என்றாள். "கைக்கம்புகூட இல்லாம நிக்கிறேன்."

நான் போனில் வீடியோவை நிறுத்தினேன்.

"இன்னைக்கு வாசிச்சாங்களா, இல்லையா?"

"வாசிச்சிருப்பாங்க."

"யார் கேட்டது?"

அவளே சொன்னாள். "ஊர்ல யாரோ கேட்டிருக்காங்க. வீட்ல ஒருத்தரும் கேக்கல. இதுல என்னை வேற ஏமாத்துற. செத்த மனுஷனுக்கு வேண்டிக்கிற எடத்துலயாடா?"

"நான் என்னம்மா வேணும்னா பண்ணேன்?" என்று குரலை உயர்த்தினேன். அவள் முக்காட்டை எடுத்து மடித்தாள். அன்று சாப்பிடவில்லை.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு கோயில் ஆபீசுக்குப் போனேன். அந்த வாரம் முழுக்கப் பெயர்கள் நிரம்பிவிட்டன என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர். "நினைவு நாள் இன்னைக்குத்தானே, வாசிச்சாச்சே. மறுபடி எதுக்கு?" "என் வீட்ல யாரும் கேக்கல." "வந்து கேட்டிருக்கணும்பா." அவரை அடிக்கலாம் போலிருந்தது. அவர் சொன்னது சரி, அதனால்தான் அப்படியிருந்தது. டிவி, அப்டேட், பழைய வீடியோ, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டைத் திருப்பி, மறுநாள் பட்டியலின் அடியில் ஒரு வரி எழுதினார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். எத்தனை மாதமாயிற்று என்று கணக்கில்லை. பட்டியல் நீண்டது. கடைசியாக அப்பா பெயர் வந்தது. இனிஷியல் மட்டும் தப்பு. ஏ என்று இருக்க வேண்டியதை ஃபாதர் ஈ என்று வாசித்தார்.

திரும்பிப் படியேறும்போது, அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மறுபடி அவள் உடைந்துவிட்டால், இன்னொரு தடவை பெயரை எங்கே போய்க் கொடுப்பது?

வீட்டில் டிவி போடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த காபி ஸ்டூலில் அப்படியே இருந்தது.

"வாசிச்சாங்களா?"

"வாசிச்சாங்க. கடைசிப் பேரு." மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னேன். "இனிஷியலை மட்டும் ஈன்னு சொல்லிட்டார்."

அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தாள். நல்ல கண்ணால்.

"ரேஷன் கார்டுலயும் அப்படித்தான் போட்டானுங்க. உயிரோட இருந்தவரைக்கும் மாத்த முடியல அந்த மனுஷனால" என்றாள். பிறகு, "சரி. கேட்டிருக்க" என்றாள்.

காபியைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தாள். "பச்சத்தண்ணியா இருக்கு. போய்ச் சுட வச்சிக் கொண்டா."