இட்லிப் பொட்டலம் படித்த வக்கீல்

கன்னியம்மாள் திருவண்ணாமலையில் குடித்தனம் வைத்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அதில் ஒரு கார்த்திகை தீபத்தைக்கூட அவள் தான் குடியிருந்த வீட்டிலிருந்து பார்த்ததில்லை. ஊர் உலகமெல்லாம் தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு வரும். இவள் மட்டும் தீபத்துக்குத் திருவண்ணாமலையை விட்டுப் போவாள். கொடியேற்றம் முடிந்த மறுநாளே வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று கனைப்பார். பத்து நாளைக்குக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளச் சொல்வார். இவர்கள் ஆறு மாசத்துக்குக் கொடுக்கிற வாடகையை வெளியூர்க்காரர்கள் அந்தப் பத்து நாளில் கொடுத்துவிடுவார்கள், அதனால்தான். கன்னியம்மாளும் அவள் புருஷன் ஆதிமூலமும் இட்லிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு அடி அண்ணாமலையில் இருக்கிற நாத்தனார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்ச் சேருவார்கள். அங்கிருந்தும் தீபம் தெரியும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எருமைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த எருமைக்கு அரோகரா சத்தம் ஆகாது, உதைக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷத் தீபத்தன்று அது உதைத்ததில் இட்லிக் குண்டான் நசுங்கிப் போயிற்று. நசுங்கின குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு கன்னியம்மாள் மலையைப் பார்த்துச் சொன்னாள்: அடுத்த வருஷம் உன்னை என் வீட்டுத் தோட்டத்திலிருந்துதான் பார்ப்பேன், இல்லாவிட்டால் பார்க்கவே மாட்டேன். ஆதிமூலம் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். சாமியிடம் பந்தயம் கட்டாதே என்று அவளுக்குப் புத்தி சொன்னார். அவர் புத்தி சொன்னால் அவள் அதை முருங்கைக்கீரை மாதிரி ஆய்ந்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வாள். அன்றைக்கு வேண்டியது எதுவும் கிடைக்கவில்லை.

சீட்டுப் போட்டது, தாலிக்கொடி தவிர மற்ற நகை எல்லாம் சேர்த்தபோது ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்கு ஆகிற பணம் கைக்கு வந்தது. வீடும் வந்தது. பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒட்டினாற்போல் இரண்டே வீடு. சந்துக்குள் நுழைந்ததும் முதலில் வருகிற கிழக்கு வீட்டில் ராஜம்மாள் என்கிற விதவை இருந்தாள். அதைத் தாண்டின மேற்கு வீட்டில் அவள் கொழுந்தன் அர்ஜுனன் இருந்தார். அவர் வேலூரில் மகனோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்கிறார். கொழுந்தனும் அண்ணியும் மேற்கு வீட்டுத் தோட்டத்து முருங்கை மரத்தை முன்னிட்டுப் பதினாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கன்னியம்மாளுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மேற்கு வீட்டின் பின்கட்டைத் திறந்தாள். எதிரே தடுப்பு ஒன்றும் இல்லை. அடிவாரத்திலிருந்து உச்சிவரைக்கும் மலை நின்றது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அர்ஜுனன் சமையலறையைக் காட்டக் கூப்பிட்டதற்கு, இருக்கட்டும், சமையலறை எங்கே போகிறது என்றாள்.

பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு வாங்கு என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். எந்த வக்கீல் என்பதில்தான் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் முட்டிக்கொண்டது. ஆதிமூலம் ஒருவரைப் பார்த்து வைத்திருந்தார். அந்த வக்கீலின் போர்டு வாசல் கதவைவிடப் பெரியது. அவ்வளவு பெரிய போர்டு மாட்டுகிறவருக்குச் சட்டம் தெரியாமலா இருக்கும் என்பது ஆதிமூலத்தின் கட்சி.

கன்னியம்மாளுக்கு வேறு ஒரு தராசு இருந்தது. கோர்ட்டு வாசல் புங்க மரத்தடியில் பதினொரு வருஷமாக இட்லி விற்கிறவள் அவள். வக்கீல்கள் அவளைப் பார்க்காவிட்டாலும் அவள் வக்கீல்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாலு இட்லியை மந்தார இலையில் வைத்து, பழைய பேப்பரை இரண்டாகக் கிழித்து அதில் ஒரு பாதியால் பொட்டலம் கட்டித் தருவாள். பெரிய போர்டு வக்கீல் பொட்டலத்தைப் பிரித்ததும் பேப்பரைக் கசக்கி எறிந்துவிடுவார், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட மாட்டார். இன்னொரு வக்கீல் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு, மீதிக் கதையைத் தானே கட்டிக் குமாஸ்தாவுக்குச் சொல்வார். மூன்றாவது ஆள் வேடியப்பன். செங்கம் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவர் இட்லியைத் தின்றுவிட்டுப் பேப்பரை மடியில் நீவி வைத்து, எண்ணெய் பட்ட இடத்தை வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்பக்கம் பின்பக்கம், மாட்டுத் தீவன விளம்பரம்வரை படித்து முடித்துவிட்டுத்தான் கை கழுவுவார்.

ஒரு நாள் அவர் எழுந்து வந்து, பொட்டலத்தின் மற்றப் பாதி யாரிடம் போயிற்று என்று கேட்டார். விழுப்புரம் பக்கத்தில் ஒருத்தன் தென்னை மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறானாம். மரத்து உச்சியில் அவன் உட்கார்ந்திருக்கிற படமும் இருந்தது. போலீஸ் வந்தது, மாமியார் வந்தாள், அதோடு பேப்பர் கிழிந்துவிட்டது. மற்றப் பாதியில் இட்லி வாங்கிப் போனவர் செங்கம் பஸ் டிரைவர். வேடியப்பன் கறுப்புக் கோட்டோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பஸ் போய்விட்டது. சாயங்காலம் பஸ் திரும்பி வருகிறவரைக்கும் காத்திருந்து கேட்டார். டிரைவர் அதில் கை துடைத்து எறிந்துவிட்டாராம். ஒரு வாரத்துக்கு அந்த மனுஷன் முகத்தில் களையே இல்லை.

இப்படிப்பட்டவரிடம் கட்சிக்காரர்கள் எப்படித் தங்குவார்கள்? வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்தால் மூன்று நாள் படிப்பார். ஆபீசில் இரண்டு நாற்காலி இருந்தது, இரண்டும் காலி. ஆனால் கன்னியம்மாள் முடிவு கட்டிவிட்டாள்.

"இட்லி மடிச்ச காயிதத்தையே விடாம படிக்கிறவரு, என் வூட்டுப் பத்திரத்தை உட்டுடுவாராய்யா?" என்றாள். ஆதிமூலம் போர்டு சின்னது என்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டு கூடவே போனார்.

வேடியப்பன் ஆறு நாள் படித்தார். வில்லங்கம் பார்த்தார், ஒன்றும் இல்லை. பெரிய போர்டு வக்கீலாக இருந்தால் அத்தோடு முடித்துச் சாப்பிடப் போயிருப்பார். இவர் ஏழாம் நாள் காலை பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சந்துக்கே வந்துவிட்டார். அர்ஜுனன் வீட்டுத் தோட்டத்தில் நின்று பத்திரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடியும் பத்திரத்தைப் பார்த்தார். சூரியன் எந்தப் பக்கம் மறையும் என்று கன்னியம்மாளைக் கேட்டார். அவள் மலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"உங்க பாகத்துக்கு மேற்கே அண்ணன் பாகம்னு எழுதியிருக்குங்க. மேற்கே மலைதான் இருக்கு. மலையும் உங்க அண்ணன்துதானா?" என்று அர்ஜுனனிடம் கேட்டார்.

விஷயம் இதுதான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் அப்பா இரண்டு வீட்டையும் பாகம் பிரித்து எழுதியபோது, மேற்கு வீட்டைப் பெரியவனுக்கும் கிழக்கு வீட்டைச் சின்னவனுக்கும் எழுதியிருந்தார். பாகம் பிரித்த அன்று பெரியவன் சாமான் வண்டி முதலில் சந்துக்குள் வந்தது. அதிலிருந்த கல்யாண அண்டா கிழக்கு வீட்டைத் தாண்டிப் போக வழியில்லாமல் இரண்டு சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. சரி, இங்கேயே இறக்கு என்றான் பெரியவன். அண்டா இறங்கின இடம் அவன் வீடாயிற்று. பத்திரத்தை யாரும் படிக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் தம்பி வீட்டிலும் தம்பி அண்ணன் வீட்டிலும் குடியிருந்து, அடுத்தவர் கூரைக்கு ஓடு மாற்றி, அடுத்தவர் முருங்கை மரத்துக்குச் சண்டை போட்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பத்திரத்தை வைத்துக் கிரயம் முடித்திருந்தால் கன்னியம்மாள் காசு கொடுத்து ராஜம்மாள் வீட்டை வாங்கியிருப்பாள். அங்கே பின்கட்டைத் திறந்தால் அர்ஜுனன் வீட்டுச் சுவர்தான் தெரியும்.

சேதி சுவரைத் தாண்டி ராஜம்மாள் காதுக்குப் போக அரை நாழிகை ஆகவில்லை. அப்படியானால் மலை தெரிகிற வீடு என்னுடையது என்று அவள் பானை சட்டியைக் கட்ட ஆரம்பித்தாள். அர்ஜுனன், அப்படியானால் கிழக்கு வீட்டுக்குப் பதினாலு வருஷமாக நான் பறிகொடுத்த முருங்கைக்காய்க்கு என்ன வழி என்றார். மரம் நிற்கிற மேற்கு வீடே பத்திரப்படி அண்ணியுடையது என்பது அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது. அண்டா மறுபடியும் சந்துக்கு வந்தது. இருபத்தேழு வருஷத்தில் சந்து அகலமாகிவிடுமா? அதே இடத்தில் மாட்டிக்கொண்டது.

கன்னியம்மாள் அண்டாவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐப்பசி பிறந்துவிட்டது. இன்னும் ஒரு மாசத்தில் வீட்டுக்காரர் வாசலில் வந்து கனைப்பார். எருமை காத்துக்கொண்டிருக்கும். பெரிய போர்டுக்காரரிடம் போயிருந்தால் இந்நேரம் பத்திரம் கையில் இருக்கும் என்று ஆதிமூலம் ஆரம்பித்தார். ஆமாம், இருக்கும், யார் வீட்டுப் பத்திரம் என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஆதிமூலம் துண்டை அவிழ்த்து அவளிடம் கொடுத்தார்.

வேடியப்பன் சண்டைக்காரர்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். நீங்கள் இதிலே இருங்கள், நான் அதிலே இருக்கிறேன் என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதுகிற பரிவர்த்தனைப் பத்திரம் ஒன்று போட்டால், இருக்கிறவர் இருக்கிறபடியே இருக்கலாம் என்றார். இருவரும் முடியாது என்றார்கள். சரி, அப்பா எழுதின பத்திரத்தை முழுசாக ஒரு தடவை கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள் என்றார்.

"ஒண்ணு மட்டும். நடுவுல யாராவது பேசினா, முதல்லேருந்து படிப்பேன்."

வருஷம், மாசம், தேதி, பசலி என்று தொடங்கினார். தாத்தா பெயர், அவர் அப்பா பெயர், எழுதினவர் பெயர், ஒவ்வொரு சாட்சியின் அப்பா பெயர். ஒரு வரியைத் தாண்டவில்லை. இரண்டாம் பக்கத்தில் ராஜம்மாள், என் மாமனார் அப்படி எழுதியிருக்கவே மாட்டார் என்றாள். வேடியப்பன் முதல் பக்கத்துக்குத் திரும்பினார். வருஷம், மாசம், தேதி, பசலி. அடுத்த தடவை அர்ஜுனன் இருமினார். இருமலும் பேச்சுதான் என்று சொல்லிவிட்டு மறுபடியும் தொடங்கினார். மத்தியானம் ஆயிற்று. ராஜம்மாள் வீட்டு அடுப்பில் உலை வற்றி நாற்றம் வந்தது. ஐந்தாவது தடவையாக வருஷம், மாசம் வந்தபோது கொழுந்தனும் அண்ணியும் பதினாலு வருஷத்தில் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யப்பா, எனக்கு மலையும் வேணா, மண்ணும் வேணா. முருங்கக்காய் பறிச்சிக்க உடுங்க, போதும். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் ராஜம்மாள்.

முருங்கைக்காய் பறிக்கும் பாத்தியதை பத்திரத்திலேயே ஏறியது. அதை வேடியப்பன் தனியாக மூன்று தடவை படித்துக் காட்டினார்.

கார்த்திகை பிறப்பதற்கு நாலு நாள் இருக்கையில் கன்னியம்மாள் குடி வந்தாள். தீபத்தன்று சாயங்காலம் வக்கீலையும் வரச் சொல்லியிருந்தாள். ராஜம்மாளும் வந்து முருங்கை மரத்தில் கை வைத்தபடி நின்றாள். அதன் மேல் அவளுக்கு இருக்கிற பாத்தியதையை யாரும் மறந்துவிடக் கூடாது அல்லவா. கன்னியம்மாள் எல்லோருக்கும் பேப்பரைச் சுருட்டிக் கார்த்திகைப் பொரி போட்டுக் கொடுத்தாள். வக்கீலுக்கு மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு முழுத்தாள். போன வாரம் கடையில் எடைக்கு வாங்கின பழைய பேப்பர்க் கட்டில் அது வந்திருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தென்னை மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த அந்த ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஆறு மணி. மலை உச்சியில் முதலில் ஒரு பொட்டு வெளிச்சம், பிறகு எழுந்து நின்றது ஜோதி. ஊர் முழுக்க அரோகரா எழும்பியது. பின்கட்டுப் படியில் நின்று கன்னியம்மாள் கும்பிட்டாள். கண்ணீரில் தீபம் இரண்டாகத் தெரிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். உதைக்க எருமை இல்லை. இது அவள் படி.

திரும்பிப் பார்த்தபோது வேடியப்பன் பொரியை மடியில் கொட்டிக்கொண்டு, தீபத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஆதிமூலம் பதறிப்போய், சார், தீபம் ஏத்திட்டாங்க என்று அவர் தோளைத் தொட்டார். வேடியப்பன் தலையைத் தூக்காமல் ஒரு விரலை மட்டும் காட்டினார்.

"இருங்க. இன்னும் நாலு வரி இருக்கு."

"படிக்கட்டும் உடுய்யா," என்றாள் கன்னியம்மாள். "தீபம் பதினோரு நாள் எரியும்."