ஜி.பி.எஸ். திரையின் மேல்தாள்

உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஒரு விதி உண்டு. படகில் பொருத்திய கருவியின் திரை பழுதானால் கழற்றி அனுப்ப வேண்டியதில்லை. கம்பெனி ஆள் துறைமுகத்துக்கே வந்து மாற்றித் தருவார். விதிகளைப் படித்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. அதில் ஒரு 'ஆனால்' கூட இல்லை.

பழுதானது என் தம்பியின் விசைப்படகில் இருந்த ஜி.பி.எஸ். ஆயுத பூஜைக்குப் படகைக் கழுவி, இன்ஜின், சுக்கான், வயர்லெஸ் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஜி.பி.எஸ். திரைக்கும் நட்டநடுவில் ஒரு பொட்டு. அது காய்ந்து இறுகிவிட்டது. சுரண்டும்போது ஓரத்தில் ஒரு தாள் கிளம்பியிருக்கிறது.

"கடைக்காரன் ஒட்டுற கவருன்னு நெனச்சேண்ணே. இத்தன நாளா உரிக்காம வச்சிருந்தோமேன்னு ஒரே இழுப்பா இழுத்துட்டேன்."

"வீட்டு டிவி கவர மட்டும் இன்னும் உரிக்கலியேடா."

"அது புதுசுண்ணே."

அவன் உரித்தது ஒளியை வடிகட்டும் தாள். கறுப்பைக் கறுப்பாகவும் சிவப்பைச் சிவப்பாகவும் காட்டுவது அதுதான். அது போனதும் திரை வெறும் வெள்ளையாக எரிந்தது. இலங்கைக் கடல் எல்லைக்கோடு உள்ளேதான் இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதைத் தாண்டினால் படகோடு பிடித்துப் போவார்கள்.

நாகப்பட்டினக் கடைக்காரர், "தாள் தனியா வராதுங்க, செட்டையே மாத்தணும்" என்றார். புதுசு வாங்கத் தம்பிக்கு வழியில்லை. பில் நகலும் புகைப்படமும் இணைத்துக் கம்பெனிக்கு எழுதினேன். பிறகு நினைவூட்டல். பிறகு, மேலதிகாரிக்கு நகலிட்டு மறு நினைவூட்டல். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்ற தானியங்கிப் பதில் மட்டும் தவறாமல் வந்தது.

என் மகள் வாங்கித் தந்த போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கோடு தெரிந்தது. உரிந்த தாளின் வேலையை அது செய்தது. தம்பியிடம் கொடுத்தேன்.

"மாப்ள கணக்கா இருக்கேன்ல? பயலுவ சிரிக்கிறானுவ."

"சிரிக்கட்டும். கழட்டாத."

"விடியுமுன்ன இதப் போட்டுக்கிட்டு எப்படிண்ணே? கோட்டப் பாத்தா கடல் தெரியல, கடலப் பாத்தா கோடு தெரியல."

தை பிறந்து ஒரு நாள், வலையைக் கடலிலிருந்து இழுத்து வாங்கும்போது கண்ணாடி கடலில் விழுந்துவிட்டது. திரும்பியிருக்கலாம். நல்ல மீன்பாடு என்று நின்றிருக்கிறான். "இங்கனதான் நிக்கிறோம், எங்க போயிடப் போறோம்" என்று அவன் வயர்லெஸ்ஸில் சொன்னதைப் பக்கத்துப் படகுக்காரர் கேட்டிருக்கிறார். அன்று படகோடு அத்தனை பேரையும் அக்கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அதன்பின் நான் எழுத வேண்டிய அலுவலகங்கள் மாறின. யாருக்கு, யார் வழியாக, எத்தனை நகல் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. தம்பி மனைவி காலையில் வந்து, "பதில் வந்துச்சுங்களா மாமா?" என்பாள். "பரிசீலனையில இருக்கும்மா" என்பேன், செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே.

ஒருநாள் அவள் எதிரில் நிற்கும்போதே என் செல்போன் ஒலித்தது. கம்பெனியின் பதில். மேல்தாள் தயார், ஆள் வருகிறார், உரிமையாளர் படகுடன் துறைமுகத்தில் இருக்க வேண்டும்.

"யாருங்க மாமா? விடுறாங்களாமா?"

அன்று மாசி மகம். யாரும் கடலுக்குப் போகாமல், ஊர்ப் படகுகளெல்லாம் துறைமுகத்தில்தான் நின்றன.