பழசானால் உனக்குத்தான்

கல்கத்தாவில் தெருவைக் கங்கை ஜலத்தால் கழுவுகிறார்கள். விடியற்காலையில் முனிசிபாலிட்டி ஆள் தெருமுனையில் இருக்கும் இரும்புக் குழாயைத் திருகிவிடுவான். கலங்கல் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வரும். நம் ஊரில் இதே தண்ணீரைச் சின்னச் செம்பில் அடைத்து, சாகக் கிடக்கிறவர் வாயில் ஊற்றுவதற்கென்று வருஷக்கணக்காக வைத்திருப்பார்கள். நான் இதில்தான் மோட்டார் வண்டியின் மட்கார்டைக் கழுவுகிறேன். வந்த புதிதில் கை கூசியது. இப்போது கூசவில்லை.

கழுவும்போது முன்பின் தெரியாத ஒருவன் வந்து நிற்பான். மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். "உங்கள் பாபு இதை விற்பாரா?" என்பான். "புது வண்டி, வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, போய்யா அந்தாண்ட" என்று தமிழிலேயே சொல்வேன். அவனுக்குப் புரியாது. சிரித்துவிட்டுப் போய் மறுநாள் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு வருவான். மோட்டாருக்கு இந்த ஊர் இப்படி அலைகிறது. கப்பலில் மோட்டார் வரக்கூடாது என்று உத்தரவு போட்டாலும் போட்டார்கள், உருளுகிறதெல்லாம் தங்கமாகிவிட்டது. "கல்கத்தாவில் டிரைவர் உத்தியோகம், உனக்கென்னப்பா" என்று எழுதுகிற ஊர்க்காரர்களுக்கு அந்த உத்தரவு என்னை என்ன செய்தது என்று சொல்ல வேண்டும்.

நான் ராணிப்பேட்டைக்காரன். சென்னையில் ஒரு துரையிடம் வண்டி ஓட்டக் கற்றேன். அவருக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலானபோது வண்டியைப் பெட்டி அடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். என்னை மேல்தளத்தில் ஏற்றினார்கள். துரை சீமைக்குத் திரும்பியபோது வண்டியைப் பவானிபூர் டாக்டர் பாபுவுக்கு விற்றார். வண்டியோடு நானும் போனேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. டாக்டர் நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் அவரைத் திட்டுவதுபோல இருக்கும்.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்குவதற்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், டாக்குரியாவில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அங்கே அப்போது வயலும் குளமும்தான். வண்டி சேற்றில் அழுந்தி நின்றுவிட்டது. டாக்டர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு என்னோடு சேர்ந்து தள்ளினார். தள்ளிக்கொண்டே, "வருகிற வருஷம் புது வண்டி வாங்கப்போகிறேன். இந்தக் கிழத்தை நீயே எடுத்துக்கொள், முருகேஷ். பழைய மோட்டார் கடைக்காரன் என்ன தருவானோ அதை நீ கொடு, போதும். அவனுக்குத் தரமாட்டேன், உனக்குத்தான்" என்றார். அந்தக் காலத்தில் பழைய மோட்டாருக்குக் கடைக்காரன் தருவது ஒரு நல்ல ஜோடி மாட்டின் விலைகூட வராது. பலபேர் விற்கவே கூச்சப்பட்டுக் கொட்டகையில் துருப்பிடிக்க விட்டிருந்தார்கள். என்னிடம் அந்த அளவுக்குச் சேர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்து என் மனைவி தனலட்சுமியிடம் சொன்னேன். அவள் உடனே கணக்குப் போட்டுவிட்டாள். "வாலாஜா ரோட் டேசன்ல எறங்கறவங்க ஆற்காட்டுக்குப் போக ஜட்காவுல இடுப்பு ஒடியறாங்க இல்ல? நம்ம மோட்டார வுடுவோம். இந்த மீனு நாத்தத்துல இருந்து என்னைக் கூட்டிகினு போயிடு, உனக்குப் புண்ணியம்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு டாக்டர் வண்டி என்ற பேர் போய், ஆற்காட்டு வண்டி என்ற பேர் வந்தது.

சண்டை வந்தது. முதலில் புது வண்டி வரத்துக் குறைந்தது. பிறகு உத்தரவே வந்துவிட்டது: சர்க்கார் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் வெளிநாட்டு மோட்டாரைத் துறைமுகத்தில் இறக்கக்கூடாது. எங்கள் சந்தில் குடியிருக்கும் சேஷாத்ரி ஐயர் சர்க்கார் ஆபீசில் டைப் அடிப்பவர். அவரிடம் போய்ச் சத்தம் போட்டேன்.

"ஏன் சாமி, மோட்டார் வந்தா சர்க்காருக்கு இன்னா நஷ்டம்?"

"கப்பல்ல பீரங்கி ஏத்தறதா, உன் டாக்டருக்குக் குஷன் வெச்ச சீட் ஏத்தறதா? நீயே சொல்லு."

"எப்ப எடுப்பாங்க இந்த உத்தரவை?"

"என்னைக் கேட்டா? நான் டைப் அடிக்கிறவன்டாப்பா. உத்தரவு போடறவாளுக்கு நான் இருக்கறதே தெரியாது."

ஐயரோடு அதற்குமேல் என்ன சண்டை போடுவது? புதுசு வராவிட்டால் பழசுக்கு விலை ஏறும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இப்படி ஏறும் என்று தெரியாது. கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டிகளையெல்லாம் தேடி வந்து வாங்கினார்கள். டயருக்காக மட்டும் செத்த வண்டிகளை வாங்கினார்கள். எங்கள் வண்டி ஒவ்வொரு வருஷமும் ஒரு வயது கூடிக் கிழமானது. ஒவ்வொரு வருஷமும் விலை கூடியது. கடைசியில் துரை புதிதாக வாங்கியபோது கொடுத்த விலையையும் தாண்டிவிட்டது. என் சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது. மனுஷனைக் கப்பலிலிருந்து இறக்கத் தடையில்லை அல்லவா?

இதில் ஒரு கொடுமை உண்டு. அந்த வண்டியை நன்றாக வைத்திருந்தது நான்தான். உதிரிச் சாமான் கிடைக்காதபோது கொல்லனிடம் உட்கார்ந்து அடிக்கச் சொல்லி வாங்கினேன். வங்காளிகள் புரட்டாசி பிறக்கும்போது விசுவகர்மா பூஜை செய்து பட்டறைச் சாமான்களைக் கும்பிடுவார்கள்; அன்று டாக்டர் வீட்டில் வண்டிக்கு ஒரு மாலை. நவராத்திரியில் நம் ஆயுத பூஜைக்குத் தனலட்சுமி இன்னொரு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பாள். இரண்டு ஊர்ச் சாமியும் காப்பாற்றிய வண்டி. தெருவில் போகிறவன் நின்று பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கிறதே" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும், விலை இன்னும் ஏறிவிடுமே என்றும் இருக்கும்.

வைத்தியர்களுக்கு மட்டும் சில அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார்கள். நீண்ட நாள் நடையாய் நடந்து டாக்டர் ஒன்று வாங்கிவிட்டார். கிதர்ப்பூர் துறைமுகத்தில் புது வண்டி இறங்கியது. அன்று மாலையே என்னைக் கூப்பிட்டார்.

"தேகோ, இங்கே பார் முருகேஷ், ஜல்பாய்குரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காக ஒரு கடைக்காரன் இந்தப் பழைய வண்டியைக் கேட்கிறான். அவன் தருகிற விலை இந்தக் கடிதத்தில் இருக்கிறது. நான் சொன்ன வார்த்தை சொன்னதுதான். அதையே நீ கொடுத்தால் அவனுக்கு இல்லை, உனக்கு."

"பாபு, அன்னிக்கு இருந்த விலை வேற."

"அன்றைக்கு நான் விலை சொல்லவில்லையே. கடைக்காரன் தருவதை என்றுதானே சொன்னேன்? இதை விற்றால்தான் புது வண்டியின் பாக்கியை நான் கட்ட முடியும். விலையை நானா ஏற்றினேன்?"

அவர் ஏற்றவில்லை. ஏமாற்றவும் இல்லை. அவர் என்னைப் பார்த்த முகத்தில் வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொன்னவனாக இருந்தால் நாலு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வேலையை விட்டிருப்பேன். வாக்கைக் காப்பாற்றுகிறவனை என்ன சொல்லித் திட்டுவது? "நமஸ்காரம் பாபு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தனலட்சுமி அழவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "நீ அத்தத் தொட்டுத் தொட்டுத் தொடச்சே பாரு, அதான் வெனை. நாசமாப் போவட்டும்னு உட்டிருந்தா இந்நேரம் நம்முது ஆயிருக்கும்."

"உடச் சொல்றியா? கை வருமாடீ?"

"வராதுதான். அதுக்கோசரம்தான் உன்னை வண்டியோட சேத்து ஊர் ஊரா இழுத்துகினு போறாங்க" என்றாள்.

பழைய வண்டியைச் சியால்தா ஸ்டேஷனில் ரயிலேற்றும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். திறந்த வேகனுக்குப் பலகை சாய்த்து, கூலிகள் பின்னாலிருந்து தள்ள, நான் சீட்டில் உட்கார்ந்து நேராகப் பிடித்தேன். ஏறியதும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துக் கயிறு கட்ட ஆரம்பித்தார்கள். தோட்டத்திலிருந்து வந்திருந்த குமாஸ்தா பாபு கீழே நின்று, "கம்பளி கொண்டுவரவில்லையா? மேலே குளிர் அதிகம்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, வண்டியோடு டிரைவரும் வருகிறான் என்று அவராகவே எண்ணிக்கொண்டிருக்கிறார். அப்படி யாரும் பேசவில்லை என்றேன். "எல்லாரும் அப்படித்தானே வருகிறார்கள்? அங்கே வீடு உண்டு, விறகு சும்மா" என்றார். கார்டு வேறு பச்சைக் கொடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "நாமோ, நாமோ", இறங்கு என்று கத்தினான்.

வண்டியின் மூக்கு வடக்கே பார்த்திருந்தது. இறங்கினால் பவானிபூரும் டாக்டரின் புது வண்டியும். இறங்காவிட்டால் தேயிலைத் தோட்டமும் என் பழைய வண்டியும். வாலாஜா ரோடு இரண்டிலும் இல்லை. ஓடாத வண்டியின் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை தானாக அதை ஊர் இருக்கிற தெற்குப் பக்கம் ஒடித்துப் பார்த்தது. சக்கரம் அசையவில்லை, கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டார்கள்.