எக்ஸ்ரேக்கு முன் குடித்த கஷாயம்

நெஞ்சு எக்ஸ்ரேயில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதென்று ஒரு வாரம் ஆடாதோடைக் கஷாயம் குடித்தவன் நான். புத்தகங்களாகப் படித்துத் தள்ளுகிறவன் என்று ஊரில் பெயர் வேறு. மஸ்கட்டில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வை வேலை கிடைத்திருந்தது. விசாவுக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வேலை கிடையாது. எனக்கோ ஒன்றரை மாதமாக இருமல். கோட்டாற்று நாட்டுமருந்துக் கடையில் வாங்கியதைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, திருவனந்தபுரம் போய் எக்ஸ்ரே இயந்திரத்தின்முன் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

வலது நுரையீரலின் மேற்பகுதியில் வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. சளியைச் சோதித்ததில் காசநோய் உறுதியானது. வேலை போயிற்று.

"தொடக்கத்துலயே பிடிச்சது நல்லதாப் போச்சு. ஆறு மாசம் மாத்திரையை விடாதீங்க" என்றார் அரசு ஆஸ்பத்திரி டாக்டர். வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள், யாருக்கும் ஒட்டவில்லை. ஆறு மாதத்தில் எனக்கும் குணமாயிற்று.

விசாவுக்குப் போயிராவிட்டால் இருமிக்கொண்டே இருந்திருப்பேன் என்று மனைவியிடம் தத்துவம் பேசினேன்.

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு பஸ் ஸ்டாண்டு சுவருல எழுதியிருக்கு" என்றாள். "அலமாரி நெறைய வாசிச்ச மனுசனுக்கு அது மட்டும் கண்ணுல படல்ல."